வெட்டப்படாத பெயர்கள்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போ பழைய நகரில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் நடந்தது இது. அங்கே சிறிய இரத்ததானச் சங்கம் ஒன்று இயங்கிவந்தது. நான் அப்போதுதான் கணினிப் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சனிக்கிழமை பிற்பகல்களில் சங்கத்துக்குப் போய், யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினியைப் பார்த்துக்கொள்வேன். சம்பளம் கிடையாது. செயலாளர் வாங்கி வைக்கும் தேநீரும் கறிபாப்பும் உண்டு.

அந்தக் கணினியில் சங்கத்தின் அறிவிப்புப் பக்கங்கள், தலைவரின் உரை, உறுப்பினர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து, பேராக் மாநிலம் முழுவதிலும் இரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர்கள் எல்லாம் இருந்தன. நினைவகமோ வெறும் அறுபத்து நான்கு கிலோபைட். கணினி தெரியாதவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம்: வட்டு என்பது அலமாரி, நினைவகம் என்பது மேசை. அலமாரியில் எவ்வளவு வைத்திருந்தாலும் மேசையில் விரித்துத்தான் வேலை செய்ய முடியும். எனக்கு முன்பு யாரோ எழுதிவிட்டுப் போன நிரல், அந்தப் பக்கங்களையும் எல்லாப் பெயர்களையும் ஒரே நேரத்தில் மேசையில் விரித்து, பெயர்களை இரத்தப் பிரிவுவாரியாக அடுக்கிய பிறகுதான் நாம் கேட்டதைக் காட்டும். மேசை நிரம்பிவிட்டால், நினைவகம் போதவில்லை என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும்.

முதலில் சங்கச் சின்னத்தை எடுத்தேன். பிறகு வாழ்த்துகளை வேறொரு வட்டுக்கு மாற்றினேன். அதுவும் போதவில்லை.

"அண்ணே, இதுல நெறைய பேரு இப்ப இல்லவே இல்ல. செத்தவங்க இருக்காங்க. சிங்கப்பூர் போனவங்க இருக்காங்க. எடுத்துடலாம்" என்றேன் செயலாளரிடம்.

"பேர எடுக்காத தங்கச்சி. தலைவரோட பேச்ச எடு. யாரு படிக்கிறா?"

"அத போன மாசமே எடுத்தாச்சுண்ணே."

"எடுத்தாச்சா? அவரே கண்டுபிடிக்கல லா."

சிரித்தார். ஆனால் பெயர்களைப் பற்றி மறுபடி கேட்டபோது சிரிக்கவில்லை. அவர் சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, தோட்டக் கணக்கரான கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறார். இவருடைய அப்பாவின் பெயர் வரவே இல்லை. பேர் வெட்டிவிட்டார்கள், வேலை போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வாரமே தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டிலிருந்து பானை சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்களாம்.

"பேர் வெட்டுற வேல மட்டும் என்னால ஆகாது" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. ஓர் இளைஞர் நனைந்தபடி மாடியேறி வந்தார். சுங்காயிலிருந்து அவருடைய மனைவியை ஆம்புலன்சில் ஈப்போவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு நிற்கவில்லை. தாதி எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டை நீட்டினார். ஓ நெகட்டிவ். நம் மக்களிடையே மிக அரிதான பிரிவு. மருத்துவமனையில் இருந்தது தீர்ந்துகொண்டிருந்தது.

கணினியை இயக்கினேன். வட்டு கரகரவென்று சுற்றியது, பிறகு நின்றது. நினைவகம் போதவில்லை. மறுபடி இயக்கினேன். அதே வரி. முந்தைய வாரம் பக்கத்து ஊரான கோப்பெங்கில் இரத்ததான முகாம் நடத்திச் சேர்த்த புதிய பெயர்கள் மேசையை நிரப்பிவிட்டன.

"என்னக்கா சொல்லுது?" என்றார் அந்த இளைஞர். நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"எடம் பத்தலங்குது. கொஞ்சம் இருங்க."

எனக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. பெயர்களைப் பல வட்டுகளாகப் பிரிக்கலாம், அதற்கு நேரம் இல்லை. அல்லது, அடுக்கும் வேலையையே நிரலிலிருந்து நீக்கிவிடலாம். ஒரு பெயரை எடு, பிரிவைப் பார், நமக்கு வேண்டாதது என்றால் அதன் மேலேயே அடுத்த பெயரை வை. அப்படிச் செய்தால் மேசையில் எப்போதும் ஒரு பெயர்தான் இருக்கும். அதைத்தான் செய்தேன். அவசரத்தில் ஒரு வரியைத் தவறாக அடித்து மறுபடியும் அடித்தேன். கடைசியில் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. பத்துகூட இல்லை.

செயலாளர் தொலைபேசியை எடுத்தார். தோட்டத்து ஆட்களுக்கு ஏது தொலைபேசி? தோட்ட அலுவலகத்துக்குத்தான் அடிக்க வேண்டும். கிராணி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முதல் ஆள் போன வருடமே காலமாகிவிட்டார். அடுத்தவர் சிங்கப்பூரில். மூன்றாவது ஆளின் தோட்டத்தில் யாரோ தேடிப் போய், திரும்பி வந்து, அந்த ஆளும் இறந்து வெகுநாளாயிற்று என்று சொல்வதற்குள் தேநீர் ஆறிப்போயிருந்தது.

அந்த இளைஞர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"செத்துப் போனவங்கள ஏன்க்கா பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்க?"

நான் செயலாளரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த எண்ணைச் சுழற்றினார்.

கோப்பெங்கில் ஒருவர் கிடைத்தார். சாப்பாட்டுக் கடையில் தேநீர் கலக்குபவர். போன வாரம்தான் முகாமில் பெயர் கொடுத்த தமிழ் முஸ்லிம். அவர் எண் கடைசியில் இருந்தது.

"ஈரமா வந்தா எடுப்பாங்களாண்ணே?" என்று கேட்டாராம்.

"எடுப்பாங்க, வாங்க."

"அப்ப வாரேன். பால அடுப்புலேர்ந்து எறக்கிட்டு வாரேன்."

செயலாளர் தன் காரில் இளைஞரையும் என்னையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். கோப்பெங்காரர் லாரிகளுக்கு நடுவே மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இரத்தம் கொடுத்தார். முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அந்த இளைஞருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரத்தம் கொடுத்தவர்களுக்கென்று தாதி தந்த சூடான பானத்தை இளைஞரின் கையில் வைத்து, "குடிங்க தம்பி" என்றார்.

பொழுது சாயும் முன் அந்தப் பெண் இறந்துவிட்டார். குழந்தை பிழைத்தது. இரத்தம் முன்பே கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று செயலாளர் கேட்டார். சொல்ல முடியாது என்றார் மருத்துவர். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது செயலாளர் கணினிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுக் காத்திருந்தார். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று வாரம் முழுவதும் தோட்டம் தோட்டமாக விசாரித்திருந்தார். அன்று கறிபாப்பு வாங்கி வைக்கவில்லை.

"ஆரம்பி, தங்கச்சி."

நான் ஒரு பெயரை வாய்விட்டு வாசிப்பேன். அவர் அந்த ஆளைப் பற்றி ஏதாவது சொல்வார். "நல்லா பந்து வெளையாடுவான்." "இவரு எங்க அப்பாவோட ஒரே நெரையில மரம் சீவுனவரு." பிறகு "எடு" என்பார். நான் எடுப்பேன். அப்படியே இருட்டும்வரை போயிற்று.

முடிந்ததும், எல்லாவற்றையும் அடுக்கும் பழைய நிரலையே இயக்கிப் பார்த்தேன். நிற்காமல் ஓடியது.

"பேர வெட்டுனதுக்கு இவங்க வீட்ட யாரும் காலி பண்ணலல்ல?" என்றார்.

"இல்லண்ணே."

தலையசைத்துவிட்டு எழுந்து சன்னல்களைச் சாத்தினார்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் இருக்கும் கணினிகளின் நினைவகம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் பற்றாமல் யார் பெயரையும் எடுக்க வேண்டிய அவசியம் வருவதில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் அங்குள்ள பட்டியலில் பெயர்களைச் சரிபார்க்கிறேன், எடுக்க வேண்டியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்த பிறகே எடுக்கிறேன். நனைந்த சட்டையோடு நின்று அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு அன்று சொல்லாத பதிலை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.