பட்டாளத்து லாரியின் முன்னங்கால்

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கொஞ்சம் வலது பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவோம். கல்யாண வீட்டு ஜமக்காளமானாலும் சரி, பஸ் சீட்டானாலும் சரி, உடம்பு தானாக அந்தப் பக்கம் போய்விடும். இது பரம்பரை வியாதி ஒன்றும் இல்லை. அப்பாவின் லாரி எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம்.

அந்த லாரி யுத்தத்தில் ஓடியது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் அதை ஏலத்தில் விட, பல கை மாறிக் கடைசியில் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. வரும்போதே இடது முன்பக்கம் தாழ்ந்துதான் வந்தது. முன் சக்கரத்துக்கு மேலே வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காக இருந்து பாரத்தைத் தாங்குமே, அதில் இடப்பக்கத்து அடுக்கு சோர்ந்து படுத்துவிட்டிருந்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வண்டி இடது பக்கத்து முந்திரித் தோப்பைப் பார்த்துக் கிளம்பிவிடும். அப்பாவின் கைக்கு மட்டும்தான் அது கட்டுப்படும். வேறு டிரைவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைப் பயபக்தியோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்பாவோ அதைக் குறையென்று ஒருநாளும் சொன்னதில்லை. "அதோட சொபாவம் அது" என்பார், ஏதோ கோபக்கார மச்சானைப் பற்றிச் சொல்வதுபோல.

குடும்பத்தோடு லாரியில் போகும்போது நாங்கள் பின்னால் வலப்பக்கமாக ஒட்டிக்கொள்வோம். அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரம் செய்தாள். நல்ல ஆகிருதியான உடம்பு. அவள் வந்தால் அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். பின்னால் வலது மூலையில் ஒரு மரப்பெட்டியைப் போட்டு, அதன் மேல் சாக்கை மடித்து விரித்து, "அக்கா, இது உன் எடம்" என்பார். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. அது தமக்கைக்குச் செய்கிற மரியாதை என்று நான் நினைத்தேன். அத்தையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மந்தாரக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப் பிளாக் பிளாக்காக எழும்பிக்கொண்டிருந்த காலம். குவார்ட்டர்ஸ் கட்டுவதற்கான செங்கல்லை அப்பாவின் லாரிதான் கொண்டுபோய்க் கொட்டியது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பிள்ளைகளின் அப்பாக்களுக்கெல்லாம் ஷிப்ட் இருந்தது. என் அப்பாவுக்கு லாரி இருந்தது. அந்தப் பெருமையில் நான் அவர்களிடம் கொஞ்சம் மிதப்பாகவே நடந்துகொண்டேன்.

வினை புது ரோட்டில் வந்தது. அதுவரை லாரி ஓடிய ரோடுகளில் எல்லா வண்டியும் ஆடும். இது ஆடுகிறது என்று தனியாக யாருக்கும் தெரியாது. டவுன்ஷிப்பில் வழவழவென்று தார் போட்டார்கள். அந்த ரோட்டில் ஏறியதும் லாரியின் முன்பக்கம் குளிர்ஜுரம் வந்தவன்போல உதறத் தொடங்கியது. ஸ்டியரிங் அப்பாவின் கையில் தடதடவென்று ஆடும். இறங்கி வந்து, "ரோடு சரியில்ல" என்றார். டவுன்ஷிப் ரோட்டைப் பார்த்து அப்படிச் சொன்ன மனிதர் அந்த வட்டாரத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருக்கவேண்டும். நானும் நம்பி, அந்த ரோட்டின்மேல் கோபமாக இருந்தேன்.

அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு லாரியைக் கழுவி, பட்டையும் பொட்டும் வைத்து, மாலை போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூஜைக்குப் பெரியப்பாவும் வந்திருந்தார். அப்பாவின் அண்ணன் அவர். நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் பர்மனெண்ட், குவார்ட்டர்ஸ்காரர். அப்பா வண்டியை நகர்த்தினார். மற்றப் பழங்கள் எல்லாம் ஒழுங்காக நசுங்கின. இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும், சக்கரம் சாய்ந்திருந்ததாலோ என்னவோ, பிதுங்கித் தெறித்து, முழுசாக உருண்டு பெரியப்பாவின் காலடியில் போய் நின்றது.

பெரியப்பா பழத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

"அதுவே சொல்லிடுச்சி பாத்தியா" என்றார். "இதுக்கு மேல இத்த வச்சிக்கினு இருக்காத. பண்ருட்டி பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிடு."

அவரிடம் வேறொரு விஷயமும் இருந்தது. மைன்ஸில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், சொல்லி வைத்திருக்கிறார், அப்பா சரி என்றால் போதும். முதலில் கொஞ்ச காலம், பிறகு பர்மனெண்ட். பர்மனெண்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். லைட்டு, ஃபேன், வீட்டுக்குள்ளேயே குழாய். ஆனால் அந்த வேலைக்குப் போனால் லாரியை ஓட்ட ஆளில்லை, விற்கத்தான் வேண்டும். லாரியை வைத்துக்கொள்வதென்றாலோ முன்பக்கத்தை முழுசாகப் பிரித்துக் கட்டவேண்டும். கையில் இருப்பதெல்லாம் அதற்கே போய்விடும், வேலையும் அதுவரை காத்துக்கொண்டிருக்காது. கட்டிய பிறகும் கிழம் ஒழுங்காக ஓடும் என்பதற்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அப்பா கண்ணாடியில் பூசிய சந்தனம் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி இல்லாவிட்டால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது?

அம்மாவைச் சம்மதிக்க வைத்தால் எல்லாம் நடந்துவிடும் என்று பெரியப்பா கணக்குப் போட்டிருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் என்னையும் சாப்பாட்டுக்கு அழைத்தார். குவார்ட்டர்ஸை ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் காட்டினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். கொல்லைப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். அங்கே ஒரு பித்தளைக் குழாய். திறந்து, கையை நீட்டி நின்றாள். மூடினாள். மறுபடி திறந்தாள். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மந்தாரக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு கிணறுதான். அது தெருவின் அந்தக் கோடியில் இருந்தது, நாங்கள் இந்தக் கோடியில் இருந்தோம். அம்மா இடது இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு, உடம்பை வலது பக்கம் ஒடித்து நடந்து வருவாள். குடம் இல்லாதபோதும் அப்படியேதான் நடப்பாள். அதுவும் லாரியால் வந்த சாய்வு என்றே நான் எண்ணியிருந்தேன்.

திரும்பி வந்தபோது வீட்டெதிரில் வேப்பமரத்தடியில் அப்பா லாரிக்கு ஜாக்கி கொடுத்து, இடது முன்சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி நிறுத்தியிருந்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஒருவர் உலுக்கவேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, எது ஆடுகிறது என்று பார்க்கவேண்டும். கிளீனர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டிருந்தார். அப்பா எழுந்து சக்கரத்தை உலுக்குவதும், அவசரமாகக் கீழே படுப்பதும், அதற்குள் சக்கரம் நின்றுவிடுவதுமாக இருந்தது. பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் நான் சிரிக்கவில்லை.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விசேஷத்துக்குக் கட்டிய புடவையோடு, சக்கரத்தைப் பிடித்தாள்.

"ஆட்டு" என்றார் அப்பா கீழிருந்து.

அம்மா உலுக்கினாள். உள்ளே எங்கோ 'டொக்' என்றது. மறுபடி உலுக்கினாள். மறுபடி 'டொக்'.

"ஏங்க, இது நம்ம ஏந்திரம் ஆடுற மாரி இல்ல ஆடுது?" என்றாள்.

எங்கள் வீட்டில் உளுந்து உடைக்க ஒரு ஏந்திரம் இருந்தது. கீழ்க்கல், மேல்கல், இரண்டுக்கும் நடுவில் ஒரு முளை. முளை தேய்ந்துபோனால் மேல்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தடதடக்கும்.

"அதேதான்" என்றார் அப்பா, லாரிக்கு அடியிலிருந்து. "இங்க ஒரு முளை கீது. கிங் பின்னுன்னு பேரு. அது தேஞ்சிபோச்சி. பட்டையும் படுத்துடுச்சி."

"முளை தேஞ்சா கல்லையா தூக்கிப் போடுவாங்க?"

அப்பாவின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கால் விரல்கள் அசையாமல் இருந்தன.

"பிரிச்சா திரும்பச் சேந்துடுமா?" என்று கேட்டாள் அம்மா.

"சேந்துடும்."

"நேரா ஓடுமா?"

"ஓட்டிக் காட்றேன்."

"அப்ப பிரிங்க" என்று சொல்லிவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸை வேப்பமரத்தில் துடைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டப் போய்விட்டாள். இவ்வளவுதான். பெரியப்பா ஒரு வாரமாகப் போட்ட கணக்கு ஒரு ஏந்திரத்தில் அரைபட்டுப் போனது. நான் ஓடிப்போய் லாரியின் மட்கார்டைக் கட்டிக்கொண்டேன்.

பெரியப்பா வந்து குதித்தார். "பைப்பைப் பாத்துட்டு வந்தப்புறமுமா இப்டிச் சொல்லுது?" என்று அப்பாவிடம் கேட்டார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடி, "குழா எங்கியும் ஓடிப் போவாது மாமா" என்றாள்.

அதன்பின் எங்கள் வீடு வீடாக இல்லை, பட்டறையாக இருந்தது. முன்பக்கம் முழுவதும் கழன்று வாசலில் கிடந்தது. பட்டைகளைப் பண்ருட்டிக்குக் கொண்டுபோய், உலையில் காய்ச்சி, அடித்து வளைத்துக்கொண்டு வந்தார் அப்பா. அடிப்பட்டை மட்டும் புதிது. கிங் பின்னையும் அதைச் சுற்றி உட்காரும் புஷ் வளையங்களையும் லேத்தில் கடைந்து வாங்கினார். நானும் கிளீனரும் நட்டும் போல்ட்டுமாகச் சோற்றுக் குண்டானில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினோம். அம்மா அந்தக் குண்டானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்தும், ரசத்தில் ரொம்ப நாள் லாரி வாசனை வந்தது. சக்கரமில்லாமல் கட்டைமேல் முட்டி போட்டு நின்ற லாரியைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள் அப்பாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த அன்று, நாங்கள் மொத்தக் குடும்பமாக ஏறினோம். அத்தையும் வந்திருந்தாள். "அக்கா, இனிமே நீ எங்க வேணா குந்தலாம்" என்றார் அப்பா தாராளமாக.

"ஏன், என் எடத்துக்கு இன்னா வந்துச்சி?" என்று கேட்ட அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டியைத் தானே இழுத்துப் போட்டு, வலது மூலையில் ஜம்மென்று உட்கார்ந்தாள். கடைசிவரை அந்த இடத்தை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

நானும் அம்மாவும் முன்னால் அப்பாவின் பக்கத்தில் இருந்தோம். அம்மாவின் காலடியில் ஒரு செப்புக்குடம் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. டவுன்ஷிப்பின் நீளமான தார் ரோடு வந்தது. அப்பா வேகமெடுத்தார். ஸ்டியரிங் ஆடவில்லை. பிறகு அவர் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லாரி நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. முந்திரித் தோப்பு தன் பாட்டுக்குத் தூரத்தில் இருந்தது. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் எழுந்து நின்று எல்லோருக்கும் கையாட்டினேன். என் ஆயுசில் அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்ததுபோல இன்னொரு நாள் நிமிர்ந்ததில்லை.

பெரியப்பா குவார்ட்டர்ஸ் எதிரில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் அம்மா. குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். குழாயில் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு வந்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. செங்கல் இறக்கிவிட்டுக் காலியாக வரும்போதெல்லாம் லாரி குடங்களோடு வரும். ஊரெல்லாம் தண்ணீருக்கு நடக்கும்போது, எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு குழாய் வந்திருக்கவேண்டியது என்பதும், அதைத் திறந்து மூடிப் பார்த்தவள் யார் என்பதும் என் நினைவில் கூட இல்லை. கல்யாணமாகி வேறு வீட்டில் வாழப்போய், என் இடுப்பிலும் ஒரு குடம் ஏறிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அந்த லாரியை நினைத்து நான் பட்ட பெருமையெல்லாம் அன்றிலிருந்து அம்மாவின் பெயருக்கு மாறிவிட்டது.

ஆனால் அந்த முதல் நாள் எனக்கு ஒரே ஏமாற்றமாக இருந்தது. குடம் ஏறியதும் அப்பா மாறிப்போனார். வரும்போது காற்றாகப் பறந்தவர், திரும்பிப் போகும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தார் ரோடு முடிந்து மந்தாரக்குப்பத்துக் கப்பி ரோடு வந்ததும் மாட்டு வண்டி எங்களைத் தாண்டிப் போகிற அளவுக்கு மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரோட்டை ஒருதரம் பார்ப்பார், அம்மாவின் மடியில் இருந்த குடத்தை ஒருதரம் பார்ப்பார்.

"ஒரு சொட்டு சிந்தல" என்றாள் அம்மா. அப்பா தலையை மட்டும் ஆட்டினார். கையை விட்டு ஓட்டியபோது வந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

"இன்னாப்பா, வேகமா போப்பா. அதான் எல்லாம் சரி பண்ணியாச்சே" என்றேன்.

அப்பா வேகத்தை இன்னும் குறைத்தார். லாரி இன்னும் முழுசாகச் சரியாகவில்லைபோல் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.