ஆளுக்குப் பாதி

மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பள்ளத்தில் விழுந்து எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார்கள். திருவொற்றியூர் கோதண்டத்துக்கு அந்தச் சைக்கிள் மகன் வழியாக வந்தது. மகன் ஆசைப்பட்டு வாங்கி, ஆறு மாதம் அதன்மேல் துணி காயப்போட்டான். விசைப்படகில் முப்பது வருஷம் இன்ஜின் டிரைவராக இருந்தவருக்கு கியர் வைத்த எதையும் சும்மா விட மனசு வராது. எடுத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

கூட ஓட்டியவர் தாமஸ். திசையன்விளைக்காரர். காசிமேட்டில் கயிறு, போல்ட்டு, நட்டு விற்கும் கடை வைத்திருந்தார். கோதண்டம் அங்கே வாடிக்கை. சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்கச் சொல்கிறார் டாக்டர் என்று தாமஸ் புலம்பியபோது, "வாபா, சைக்கிள் மிதிக்கலாம்" என்று இழுத்துவிட்டவர் கோதண்டம்தான். அது ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ஞாயிறு விடிந்தால் அத்திப்பட்டு, பழவேற்காடு. வருஷத்துக்கு இரண்டு தடவை நாகலாபுரம் மலை.

உதிரிச் சாமான் எடுத்துப்போவதில் முதலில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதுகுப் பையில் போட்டால் முதுகு வெந்தது. சீட்டுக்கு அடியில் தொங்கும் பை வாங்கினார்கள். எண்ணூர்ப் பள்ளங்களில் அது கிழிந்து ஸ்பானர் எங்கேயோ விழுந்தது. கடைசியில் கோதண்டம் படகு வழக்கத்துக்கே வந்தார். இரும்போடு இரும்பு உரசக் கூடாது. ஒவ்வொன்றையும் பழைய லுங்கித் துணியில் சுற்றி, பால் கவரில் போட்டு, லாரி டியூபை நாடாவாக வெட்டி சைக்கிள் கம்பியோடு இறுக்கிக் கட்டினார். அதற்குப் பிறகு ஒரு சத்தம் கிடையாது.

இன்னொரு வழக்கமும் கடலிலிருந்து வந்ததுதான். அவர் இருந்த படகும் அதன் ஜோடிப் படகும் ஆழத்துக்குப் போகும்போது மாற்றுச் சாமானை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். பெல்ட்டு ஒன்றில், பம்பு ஒன்றில். மீன் அள்ளும் ஆசையில் ஒருத்தனை ஒருத்தன் விட்டுப் போகாமலிருக்க அதுதான் கட்டு. சைக்கிளிலும் அப்படியே செய்தார்கள். காற்றடிக்கும் பம்பும் ஸ்பானர்களும் கோதண்டத்திடம். டியூபும் டயர் கழற்றும் நெம்புகோலும் தாமஸிடம். இப்படிப் பிரித்துக்கொண்டு ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவர்கள் தனித்தனியாகப் போனதில்லை.

போன மாதம் காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் யாரோ சொல்லித்தான் விஷயம் கோதண்டத்துக்குத் தெரிந்தது. தாமஸ் கடையைக் கொடுத்துவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஜெஸ்லின் வீட்டுக்கே ஒரேயடியாகப் போகிறார். கோதண்டத்துக்குத் தலைக்கு ஏறியது. நேரே போய், "ஊருக்கே தெரியுது, எனக்குத் தெரியல. நான் இன்னா மூணாவது மன்சனா?" என்று கேட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

நாளை தாமஸுக்கு ரயில் என்ற ஞாயிற்றுக்கிழமை, கோதண்டம் வீம்புக்குத் தனியாகக் கிளம்பினார். சைக்கிளில் பாதிச் சாமான்தான் இருந்தது. மீதியைக் கடையில் வாங்கியிருக்கலாம். வாங்கினால் தாமஸ் போவதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று ஒரு மாதமாக வாங்காமலே இருந்தார்.

அத்திப்பட்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பின் டயர் இறங்கியது. வால்வு அடியோடு பிய்ந்திருந்தது. லாரிக்குப் பஞ்சர் ஒட்டும் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஒட்டறதுக்கு இதுல ஒண்ணுமில்ல தலைவரே, புது டியூப்தான். இந்த அளவு எங்கிட்ட கெடையாது" என்றார். நிலக்கரிச் சாம்பல் பறக்கும் ரோட்டோரம் கோதண்டம் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க என்ன இருக்கிறது? போனை எடுத்தார்.

"தாமஸு, அத்திப்பட்டு ஸ்டேசனாண்ட கீறேன். டயரு பூட்ச்சி."

அந்தப் பக்கம் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. "முன்னாடியா பின்னாடியா?"

"பின்னாடி."

"அங்கனயே நில்லு. வாரேன்."

முக்கால் மணி நேரத்தில் தாமஸ் மின்சார ரயிலிலிருந்து இறங்கி வந்தார். கையில் பால் கவர் பொட்டலம். சட்டையெல்லாம் மூட்டை கட்டிய தூசி.

"உன் வண்டி இன்னாச்சி?"

"ஆன்றோவுக்குக் குடுத்துட்டேன்." ஆன்றோ அவர் அக்கா மகன்.

இருவரும் குந்தி உட்கார்ந்தார்கள். தாமஸ் டயரை நெம்பினார், கோதண்டம் புது டியூபைச் செருகிக் காற்றடித்தார். யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலை சீக்கிரமே முடிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம் என்று கோதண்டத்துக்குத் தோன்றியது.

மீதி டியூபையும் நெம்புகோலையும் தாமஸ் பொட்டலத்தோடு நீட்டினார். "இத வச்சுக்கோ. அங்க எனக்கு எதுக்கு?"

கோதண்டம் வாங்கினார். கம்பியில் வைத்து ரப்பர் நாடாவைச் சுற்றும்போது கண் கலங்கியது. துடைக்கவில்லை.

"கோவம்லாம் இல்ல தாமஸு. நீ போறது புடிக்கல, அவ்ளோதான்."

"எனக்கு மட்டும் பிடிச்சிருக்கா வே?" என்றார் தாமஸ். "ஒங்கிட்ட சொல்லாம இருந்ததே அதுக்குத்தான். நீ ஒரு வார்த்தை போகாதன்னு சொன்னா, நான் நின்னுருவேன். புள்ள அங்க தனியா கெடக்கா."

கோதண்டத்துக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. தாமஸ் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு பிளாட்பாரத்துக்கு நடந்தார். கோதண்டமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனார்.

"டயர்தான் சரியாயிட்டே, மிதிச்சே போலாம்லா?" என்றார் தாமஸ்.

"அட, வாபா" என்று சொல்லி, காற்று நிறைந்த சைக்கிளைக் கூடை, மூட்டை ஏற்றும் வெண்டர் பெட்டிக்குள் தூக்கி வைத்துவிட்டு, கோதண்டமும் அவரோடு ஏறிக்கொண்டார்.