மிச்ச வெயிலின் வெந்நீர்

என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். குடியிருப்பது ஆமத்தூரில். இருவரும் ஒரே திசையில் வேலைக்குச் சென்றோம் என்றாலும், ஒரே நேரத்தில் ஒருநாளும் சென்றதில்லை. கம்பெனி வேன் விடியற்காலை ஆறு மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு தாயில்பட்டிப் பக்கம் போய்விடும். நான் ஏழரை மணிப் பேருந்தில் போவேன். மாலை நான்கு மணிக்கு அவள் திரும்பிவிடுவாள். நான் வீடு சேர ஏழாகும்.

பட்டாசு மருந்தில் புழங்கும் பெண்கள் எங்கள் பகுதியில் எவரும் வாசல் வழியாக வீட்டுக்குள் வருவதில்லை. வேனிலிருந்து இறங்கியதும் நேராகக் கொல்லைக்குப் போவார்கள். கம்பெனிச் சேலையை அங்கேயே அவிழ்த்துத் தனியாக நனைத்துவிட்டு, தலை முதல் கால்வரை குளித்த பிறகே உள்ளே நுழைவார்கள். அதுவரை அடுப்பின் அருகே போகக் கூடாது. உடுத்தியிருக்கும் துணியில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே, குளிப்பதற்கு வெந்நீர் வேண்டும் என்றாலும் அதைத் தானே சுட வைத்துக்கொள்ள என் மனைவியால் இயலாது. வீட்டில் வேறு எவராவது வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானோ அந்த நேரத்தில் அச்சகத்தில் இருந்தேன்.

எனக்கு மூட்டுவலி உண்டு. பச்சைத்தண்ணீரில் குளித்தால் அன்று முழுவதும் கால் மடங்காது. அதனால் அவள் நாலரை மணிக்கே எழுந்து, எனக்கு வெந்நீர் வைத்துவிட்டுத்தான் வேனுக்குப் புறப்படுவாள். நான் அச்சகத்துக்குப் போன ஆண்டுகள் அத்தனையிலும் இது நடந்தது. அதே ஆண்டுகளில் அவள் கொல்லையில், வேப்பமர நிழலில் கிடந்த சிமெண்டுத் தொட்டியின் நீரை மொண்டு ஊற்றிக்கொண்டாள். கோடையில் அது துன்பமில்லை. கார்த்திகைக்கு மேல் அந்தத் தொட்டியில் கை வைக்க முடியாது. உப்புத்தண்ணீர் வேறு. மருந்தில் கலக்கும் அலுமினியத் தூள் அதில் எளிதில் போகாது. உறங்கும்போதுகூட அவளுடைய காதோரம் மினுங்கிக்கொண்டிருக்கும்.

நான் ஓய்வு பெற்றேன்; அவள் வேலையை விடவில்லை. அதன்பின் வீட்டு மாடியில் சூரியத் தகடுகள் போட்டோம். வேலை செய்து கொடுத்தவர் விருதுநகரைச் சேர்ந்த பாய் ஒருவர். பொறுமைசாலி, வாயில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். சில மாதங்கள் கழித்து, கார்த்திகையில், மீட்டரைப் பார்த்துவிட்டு அவரே ஒரு யோசனை சொன்னார்.

“பகல்ல உங்க வீட்ல ஒத்தை ஃபேன்தான் ஓடுது அண்ணாச்சி. மிச்சக் கரண்டு பூரா லைனுக்குப் போயிருது. அதைத் தண்ணியில சேத்து வைப்பமா?”

சிறிய சுடுநீர்த் தொட்டி ஒன்றை வைத்து, வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சும் மின்சாரம் மட்டும் அதற்குப் போகும்படி ஒரு பெட்டியையும் அவர் பொருத்தினார். வெயில் ஏறினால் நீர் சூடாகத் தொடங்கும். பிற்பகல் மூன்று மணிக்குள் கொதிநிலையை நெருங்கிவிடும். குளியலறைக்கு ஒரு குழாயும், கொல்லைக்கு ஒரு குழாயும் வைக்கச் சொன்னேன். கொல்லைக் குழாய் அவளுக்காக. அப்படிச் சொன்னபோது நான் பெரிய காரியம் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவள் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நாலு மணிக்கு நான் வர, மூணு மணிக்கே வெந்நி ரெடியா இருக்கும். மகாராணி கணக்கா” என்று சிரித்தாள்.

மார்கழி போய்த் தை பிறந்தது. காலை ஐந்து மணிக்குக் குழாயைத் திறந்தால் ஆவி பறந்தது. அவளும் எனக்காக அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் பாய் தகடுகளைத் துடைத்துச் சரிபார்க்க வந்திருந்தார். அவரிடம் நான் பெருமையாகச் சொன்னேன்.

“பாய், சாமானியப்பட்ட தொட்டி இல்ல இது. காலையில கை வைக்க முடியல.”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “காலையில அம்புட்டுச் சூடு இருக்காதே.”

“இருக்கே.”

“அது எப்படி? உங்களுக்கு மட்டும் ராத்திரியில சூரியன் அடிக்குதோ?” என்று சிரித்தவர், பிறகு சற்று யோசித்தார். “இது சின்ன டேங்க் அண்ணாச்சி. மேல வெந்நி எடுக்க எடுக்க, கீழ பச்சைத்தண்ணி ஏறும். சாயங்காலம் மதினி ரெண்டு வாளி பிடிச்சாகன்னா, காலையில வெதுவெதுன்னுதான் வரணும். மதினி குளிக்கிறது எந்தத் தண்ணியில?”

அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பின்னரும் நான் மாலைகளில் வீட்டில் இருந்ததில்லை. மூன்று மணிக்கு நூலகத்துக்குப் போய் இருட்டும் நேரம்தான் திரும்புவேன். பள்ளியில் படிக்காததை அங்கே படித்துத் தீர்ப்பது என் வழக்கம்.

அன்று நூலகம் போகவில்லை. நான்கு மணிக்கு வேன் வந்த ஓசை கேட்டது. சிறிது நேரத்தில், கொல்லையில் செம்பு சிமெண்டுத் தொட்டியில் உரசும் ஓசை. நான் கொல்லைக் கதவருகே போய் நின்றேன். நனைந்த பாவாடையோடு உடல் நடுங்க நின்றவள் என்னைக் கண்டதும் திகைத்தாள்.

“என்ன இங்கன நிக்கீக? நூலகத்துல எழுத்தெல்லாம் தீந்துபோச்சா?”

“அந்தக் குழாயை ஏன் திறக்கல?”

“திறந்தா காலையில உங்களுக்குப் பத்தாது.”

“எனக்கு அடுப்பில வச்சுக்க மாட்டனா?”

“யாரு, நீங்களா? நம்ம வீட்ல தீப்பெட்டி எங்கன இருக்கு, சொல்லுங்க பாப்போம்.”

ஆயுள் முழுவதும் தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடித்தவன் நான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டு இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டாள். பிறகு, குறை சொல்வதாக இல்லாமல், சாதாரணமாகவே சொன்னாள்.

“மொத நாள் திறந்து குளிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாக் காலையில நீங்க ‘என்ன தண்ணி இது, ஆறிப்போயி வருது’ன்னு சடச்சுக்கிட்டீக. அதான் விட்டுட்டேன்.”

“நான் சொன்னனா?”

“சொன்னீக.”

எவ்வளவு முயன்றும் அப்படிச் சொன்னது என் நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அவள் பொய் சொல்கிறவள் அல்லள். யோசியாமல் காற்றில் விட்ட ஒரு சொல்லுக்காக, இரண்டு மாதப் பனியை அவள் உடம்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் முதல் மூன்றே முக்காலுக்கு நானே கொல்லைக் குழாயைத் திறந்து இரண்டு வாளிகளை நிரப்பி வைத்தேன். காலையில் எனக்கு வேண்டிய நீரை நானே அடுப்பில் வைத்துக்கொண்டேன். முதல் நாள் அவள் வாளிக்குள் கையை விட்டு வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள். குளித்த நீர் ஈயச் சாம்பலின் நிறத்தில் வாய்க்காலில் ஓடியது. இத்தனை நாளும் உடம்பிலேயே தங்கியிருந்த தூள் அது. உள்ளே வந்தவள் தலையைக்கூடத் துவட்டாமல் பாயில் படுத்து உறங்கிவிட்டாள். பொழுதிருக்க அவள் உறங்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்படி எட்டு நாட்கள் குளித்தாள். ஒன்பதாம் நாள் வேனிலிருந்து இறங்கியவளால் கொல்லைவரை நடக்க முடியவில்லை. சில ஆண்டுகளாகவே அவளுக்கு இருந்த இருமல் மூச்சிழுப்பாக மாறியிருந்தது. விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சுப் படத்தைப் பார்த்த மருத்துவர், பல ஆண்டுகளாக மருந்துத் தூசியைச் சுவாசித்ததன் விளைவு என்றார். குளிர்ந்த நீரில் குளித்தது காரணமாக இருக்குமா என்று நான் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்லிவிட முடியாது, ஐயா என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நேர்மையான மனிதர்.

அவளுக்குப் பேச்சு குறைந்துபோயிற்று. மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்: “காலையில வெந்நி வச்சுக்கிட்டீகளா?” வைத்துக்கொண்டேன் என்றேன். நான் இரண்டு நாட்களாக ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தது அவளுக்குத் தெரியாது.

மாசியில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பிற்பகலில், அவளைக் கடைசியாகக் குளிப்பாட்ட, உறவினர் மேளத்தோடு ஊர்க்கிணற்றுக்குப் போய்க் குடங்களில் நீர்மாலை எடுத்து வந்தார்கள். கொல்லையில் பெண்கள் சேலையால் மறைப்புக் கட்டினார்கள். என் தங்கை முதல் குடத்தைத் தூக்கினாள். நான் மறைப்பின் வெளிப்புறம் நின்று, கொஞ்சம் பொறு, அதில் வெந்நீர்க் குழாய்த் தண்ணீரைக் கலந்துகொள், சூடாக இருக்கிறது என்றேன். உள்ளே பெண்கள் கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

“நீர்மாலைத் தண்ணியில வேற தண்ணி கலக்கக் கூடாதுண்ணே” என்றாள் தங்கை.

“ஒரு செம்பு மட்டும்.”

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு மறைப்பை விலக்கி வெளியே வந்தாள். அழுது வீங்கிய முகம். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“மதினிக்கு இனிமே சூடு எது, குளிர் எதுண்ணே? நீங்க போயி உக்காருங்க.”

அவள் சொன்னது சரிதான். நான் விலகி நின்றேன். மறைப்புக்கு அந்தப் பக்கம் கிணற்று நீர் குடம் குடமாக விழும் ஓசையை, கடைசிக் குடம்வரை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.