வேலிக்கு அந்தப் பக்கம் என் பெயர்

பிள்ளைகளா, போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது அடுப்படியில் இருந்த பச்சைத் தட்டை எடுத்துக்காட்டி, "இது மக்சிக் வீட்டுத் தட்டாச்சே, ஏம்ப்பா இன்னும் குடுக்கல?" என்று பாப்பா கேட்டாள். மறந்துவிட்டேன் என்று சொன்னேன். பாப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அம்மா இருந்தவரை அந்தத் தட்டு நம் வீட்டில் நாள்கணக்காகத் தங்கியதே இல்லை. மக்சிக் கொய்யாப்பழம் வைத்துக் கொடுத்தால் மறுநாளே அதில் இடியாப்பமோ உளுந்துவடையோ ஏறிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விடும். வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பது நம் வீட்டிலும் வழக்கமில்லை, அவர்கள் வீட்டிலும் இல்லை. நான் மறக்கவில்லை. காரணத்தை நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பொறாமைதான் காரணம். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும், மலாயில் அத்தை என்ற அர்த்தத்தில் நாம் மக்சிக் என்று கூப்பிடும் அந்த மலாய்க்கார அம்மாள்மேல் பொறாமை.

உங்கள் அம்மாவைக் கட்டிய நாளிலிருந்து எனக்கு இது உண்டு. செனாயில் அவள் தொழிற்சாலை வேலைக்குப் போன காலத்தில், சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கூட வேலை செய்யும் பெண்களோடு ஒரு சிரிப்பு சிரிப்பாள். தெருமுனை வரை கேட்கும். கேட்டைத் திறந்து உள்ளே வரும்போது அது பாதி தீர்ந்திருக்கும். மீதிதான் எனக்கு. என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் பொம்பளைங்க பேச்சு, ஒங்களுக்கு எதுக்கு?" என்பாள். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொறாம புடிச்ச மனுசன்" என்று சொல்லிச் சொல்லி மறுபடி சிரிப்பாள். அந்தச் சிரிப்பு முழுசாக எனக்குத்தான் என்பதால் நானும் பேசாமல் சாப்பிடுவேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமை என் பெயர் விஷயத்தில்தான். ஊரில் இருக்கும் எல்லார் பெயரும் அவள் வாயில் வரும். தெருப்பூனைக்குக்கூட ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டாள். என்னை மட்டும் "இந்தாங்க" என்பாள், இல்லையென்றால் "பாப்பா அப்பா". காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் அவளை வளர்த்தவர்கள் அப்படி வளர்த்தார்கள், புருஷன் பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று. அவளும் அதை மெய்யாகவே நம்பினாள். என் பெயர் முருகனுக்கும் உள்ள பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். கோயிலில் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடும்போது அவள் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்பாள். அந்தப் பெயர் தாண்டிய பிறகு திறப்பாள்.

தம்பி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். மலாய் நர்ஸ் ஒருத்தி பதிவு செய்யும்போது "நாமா சுவாமி?" என்று கேட்டாள். புருஷன் பெயர் என்ன என்று அர்த்தம். அம்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். இருந்தும் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "முருகன்" என்று சொல்லிவிட்டாள். நர்ஸும் அப்படியே எழுதிவிட்டாள். நான் வந்து அதைத் திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "சாமி பேரத்தான கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். வயிற்று வலியோடு படுத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு நாள் நான் கெஞ்சியே கேட்டேன். ஆயுசு குறைந்தால் குறையட்டும், எனக்குப் பரவாயில்லை, ஒரு தடவை சொல் என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களுக்குப் பரவால்ல. எனக்கு?"

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

இப்போது தட்டுக்கு வருகிறேன். அம்மாவின் கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் போன பிறகு, மக்சிக் இந்தப் பச்சைத் தட்டில் தேங்காய்ப்பூ புரட்டிய கொழுக்கட்டை கொண்டுவந்தார். அழுதுகொண்டே, சர்க்கரை குறைத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லி, என் பெயரைச் சொன்னார். மற்ற நாளெல்லாம் என்னை அண்ணே என்று நம் மொழியிலேயே கூப்பிடுகிறவர். அன்றைக்கு, 'இன்னாருக்கு இனிப்பு அதிகம் ஆகாது' என்று உங்கள் மனைவி எப்போதும் சொல்வாளே என்றார். அவள் பெயரைச் சொல்லியா சொன்னாள் என்று கேட்டேன். ஆமாம், வேறெப்படிச் சொல்வாள் என்று மக்சிக் திருப்பிக் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். லீவு நாளில் நான் பின்வாசலில் தலையை நீட்டினால் அவர்கள் மலாய்ப் பேச்சு நின்றுவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மக்சிக், நடுவில் காயப்போட்ட துணி. அத்தனை வருஷமும் அங்கே என் பெயர் தாராளமாகப் புழங்கியிருக்கிறது. பக்கத்திலேயே படுத்துக் கிடந்த என் காதில் ஒரு தடவைகூட விழவில்லை. அந்த அம்மாளுக்குத் தினம் தினம் கிடைத்திருக்கிறது. கொழுக்கட்டையை என்னால் தின்ன முடியவில்லை. தட்டைக் கழுவி அடுக்கில் வைத்தேன். பிறகு துணிகூட முன்வாசல் பக்கம்தான் காயப்போட்டேன். மக்சிக் வேலியருகில் நின்று சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஒரு "ம்" சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

பாப்பா கேட்டுவிட்டுப் போன பிறகு, இதற்கு மேல் தட்டை வைத்திருக்க முடியாது என்று தெரிந்தது. எனக்கு வரும் பலகாரம் கேசரி ஒன்றுதான். அதுவும் அன்றைக்குக் கட்டி கட்டியாகிவிட்டது. அதைத் தட்டில் போட்டு வேலியருகில் போய் நின்றேன். மக்சிக் வந்து வாங்கிக்கொண்டார், கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பப் போனவன் நின்றேன். அவள் என் பெயரை எப்படிச் சொல்வாள் என்று கேட்டேன். இந்த வயதில் கேட்கிற கேள்வியா இது?

மக்சிக் சிரிக்கவில்லை. தட்டை வேலியோரத் திண்டின்மேல் வைத்தார். உங்கள் அம்மா முந்தானையை இடுப்பில் செருகுவாளே, அதே மாதிரி கையை இடுப்பில் கொண்டுபோனார். தலையை நம் வீட்டுப் பக்கம் திருப்பி, என் பெயரைச் சொல்லி, "பெலும் மாக்கான்" என்றார். இன்னும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். என் பெயரின் கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தார், சின்னப் பிள்ளையைச் சொல்வதுபோல. குரல் மக்சிக்கினுடையதுதான். இழுப்பு அவளுடையது. எனக்குத் தெரியாமல் போகுமா?

என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அவள் ஓடிவிடுவாளாம். தன் வீட்டுக்காரர் காலமான பிறகு சாயங்காலத்தில் பேசுவதற்கு மக்சிக்கிற்கு அவள்தான் இருந்தாளாம். அந்தப் பெயரைக் கேட்டாலே தனக்கு எரிச்சலாக வரும், அதுதானே அவளைத் தன்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போயிற்று என்று மக்சிக் சொன்னார். இத்தனை நாள் இந்த அம்மாளும் என்மேல் வயிறெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்.

என் முன்னால் சொல்லாத பெயரை உங்களிடம் மட்டும் ஏன் சொன்னாள் என்று கேட்டேன். தானும் அவளிடம் அதைக் கேட்டதாக மக்சிக் சொன்னார். அதற்கு அவள் சிரித்துக்கொண்டே, தமிழில் சொன்னால்தான் ஆபத்து, எங்கள் எமனுக்கு மலாய் தெரியாது என்றாளாம்.

பிள்ளைகளா, அவள் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இருக்கிறேன்.

பொறாமை போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். மக்சிக் கேட்டது அத்தனை வருஷம். எனக்குக் கிடைத்தது ஒரு தடவை, அதுவும் இன்னொருவர் வாயால். ஆனாலும் இப்போது துணியைப் பின்பக்கமே காயப்போடுகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலமே பச்சைத் தட்டு திரும்பி வந்தது. மாவில் தோய்த்துப் பொரித்த சூடான வாழைப்பழம், சர்க்கரை தூவாதது. சிங்க் பக்கத்தில் நின்றபடியே அத்தனையையும் சாப்பிட்டேன். தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கில் வைத்தேன். அப்புறம் பின்வாசலைத் திறந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. என் பெயரை, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, நானே சொன்னேன். சொல்லி, "சுடா மாக்கான்" என்றேன், சாப்பிட்டாயிற்று என்று.

மலாயில்தான் சொன்னேன்.