ஓடக்காரன் திரும்பினானா

நேற்று விளாங்குடியில் மழைக்காக ஒரு ரிப்பேர் கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே, முதுகு திறந்த பழைய பெட்டி டி.வி. ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூடேறுகிற தூசியின் வாசனை. முடி பொசுங்குவது மாதிரி, லேசாக. உங்களுக்கு அந்த வாசனை தெரியுமென்றால் நம் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. நான் ஒரு அடி மழைக்குள் நகர்ந்து நின்றேன். டி.வி. வாசனைக்குப் பயப்படுகிறவன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அது மதுரை கே.கே. நகரில் என் அக்கா வீட்டு வாசனை. கொடைக்கானலில் டி.வி. கோபுரம் எழுந்து மதுரைக்குப் படம் தெரிய ஆரம்பித்த காலம். அதற்கு முன்பு நாங்கள் மூன்று பேர், நான், கண்ணன், தங்கராசு, மேலூரில் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், பார்க்காத படங்களின் ரசிகர்கள். பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டு டீக்கடை. யாராவது ஒருத்தன் சிற்றிதழ் ஒன்றை விரித்து, வங்காளப் படமோ ஜப்பான் படமோ, கட்டுரையை உரக்க வாசிப்பான். வாசித்து முடித்த அடுத்த நிமிஷம் அதைப் பார்த்தவர்களாகிவிடுவோம். "அந்த எடத்துல ஒரு மௌனம் வருதே" என்று நான் கண்ணை மூடிக்கொள்வேன். மௌனத்தைக்கூடக் காதால் கேட்டவனில்லை.

ஒரு வங்காளப் படம். அதன் பேரை எங்களில் ஒருவரும் சரியாகச் சொன்னதில்லை. ஓடக்காரன் படம் என்போம். வெள்ளத்தில் எல்லாம் போன பிறகு பிழைப்பு தேடிக் கிளம்புகிறான். கரையில் மனைவி நிற்கிறாள். கடைசிக் காட்சியில் அவன் திரும்பிப் பார்க்கிறான் என்றது ஒரு கட்டுரை. பார்க்கவே இல்லை, அதுதான் படத்தின் உச்சம் என்றது இன்னொன்று. கண்ணன் இரண்டாவது கட்சி, தங்கராசு முதலாவது.

"திரும்பிப் பாத்தான்னா அது நம்மூருப் படம்டா. திரும்பாமப் போறான் பாரு, அதான் கலை."

தங்கராசு டம்ளரைக் கீழே வைத்தான். "தாலி கட்டுனவள விட்டுட்டு, திரும்பிக்கூடப் பாக்காமப் போறவன் ஒனக்குப் பெரிய ஆளா?"

"சினிமாவயும் சம்பந்தத்தயும் போட்டுக் குழப்பாத மாப்ள."

குழப்பாமல் எப்படி இருப்பான்? தங்கராசின் தங்கை வசந்தாவைக் கண்ணனுக்குக் கொடுப்பதாக இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தது. தட்டு மாற்றுவதுதான் பாக்கி. அன்று பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். பிறகு பேச்சே நின்றது. மாப்ள என்ற சொல் போய், "கண்ணன் சார்" வந்தது. தங்கராசு தன் வீட்டில், "கொஞ்சம் பொறுப்போம்" என்று சொல்லிவிட்டானாம். யாருமே பார்க்காத ஒரு படத்தால் கல்யாணம் நிற்கப்போகிறது என்று எந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னால் பைத்தியம் தெளிய என்னைத்தான் குணசீலத்துக்குக் கூட்டிப்போவார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான், ஞாயிறு மத்தியானம் போடும் வெளிமாநிலப் படங்களின் வரிசையில் ஓடக்காரன் வந்தான். பேப்பரில் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு பேருக்கும் தெரிந்த, டி.வி. உள்ள ஒரே வீடு என் அக்கா வீடு. இரண்டு பேரும் வருவார்கள். ஒருத்தன் தோற்பான். தோற்றவன் தாங்குவானா, ஜெயித்தவன் சும்மா இருப்பானா? கரண்ட் போகட்டும் என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டேன். மற்ற நாளிலெல்லாம் போகும் கரண்ட், அன்று மலை மாதிரி நின்றது.

வந்தார்கள். கூடத்தின் இரண்டு மூலையில் இரண்டு பேர். நடுவில் நானும், முறுக்குத் தட்டோடு அக்காவும். படம் நகர்ந்தது என்று சொல்ல முடியாது, நனைந்தது. ஆறு, மழை, ஆறு. முந்தின வாரம் வந்த காற்று அன்றும் வந்தது. திரையில் புள்ளிகள் கொதித்தன.

"ஆன்டெனா திரும்பிருச்சு" என்றாள் அக்கா.

நான் எழுவதற்குள் கண்ணன் மாடிக்கு ஓடியிருந்தான். "தெரியுதா?" என்று மேலிருந்து குரல். "இன்னுங் கொஞ்சம் மேக்கால!" "இப்ப?" "தெரியுது, தெரியுது! கைய எடுத்துராத!" கம்பியை விட்டால் படம் போகும். ஆகவே கண்ணன் விடவில்லை. வெயிலில், காற்றில், யாருக்காகவோ படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே கடைசிக் காட்சி.

கரை. அவள். துடுப்பு. ஓடம் விலகுகிறது. ஓடக்காரன் திரும்பினான். அரைமுகம்தான், ஆனால் திரும்பினான். தங்கராசு சொன்ன மாதிரியே.

"என்னடா ஆச்சு?" மேலிருந்து கண்ணன். "திரும்புனானா?"

அக்கா வாயைத் திறந்தாள். தங்கராசு அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு ஜன்னல் பக்கம் போய், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்:

"திரும்பலடா மாப்ள! நீ சொன்னதுதான். எறங்கி வா!"

கண்ணன் கம்பியை விட்டிருக்க வேண்டும். திரை மறுபடி கொதித்தது. கண்ணன் படியிறங்கி வந்தான், உள்ளங்கையெல்லாம் துரு. ஜெயித்தவன் முகமாக அது இல்லை. தங்கராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு முறுக்கை எடுத்துக் கடிக்காமல் வைத்துக்கொண்டு, "திரும்பியிருக்கலாம்டா, அம்புட்டுத் தூரம் போறவன்" என்றான்.

தை மாதம் கல்யாணம்.

எனக்குத்தான் பயம் தீரவில்லை. அந்தப் படம் இன்றைக்கு யார் போனிலும் கிடைக்கிறது, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி. அக்கா வீடு இருந்த இடத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு என்று தனியாக ஒரு படம் கிடையாது. தங்கராசும் போய்விட்டான், நெஞ்சுவலி, பஸ்ஸில் வரும்போதே. கண்ணன் எப்போது போனை எடுத்தாலும், ஒருநாள் அந்த அரைமுகத்தைப் பார்த்துவிடுவான், அந்த ஒரு பொய்க்காகத் தங்கராசை என்ன நினைப்பானோ என்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "அந்த ஓடக்காரன் படம் போன்லயே வருதாம். பாத்தியா?"

உள்ளே வசந்தா பாத்திரம் கழுவும் சத்தம். கண்ணன் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

"பாக்கலாம்டா. பாத்துட்டு யாருகூடச் சண்ட போட?"