அறுவைக்காரர் தலையாட்டிய கதை

அறுவைக்காரர் என்று தெருவே கூப்பிடுகிறதே தவிர, அந்த மனுஷன் வாயைத் திறந்து ஒருத்தரையும் அறுத்ததில்லை. அவர் அறுத்ததெல்லாம் மரம். மர அறுவை மில்லில் பெரிய ரம்பத்துக்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷமாக நிற்கிறார். வலது கைக் கட்டைவிரலில் பாதியையும் இரண்டு காதும் கேட்பதில் முக்காலையும் மில் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை முதலாளி பெரிய மனசு பண்ணி தினமும் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறார்.

ரம்பம் ஓடுகிற இடத்தில் பேச்சு எடுபடாது. அங்கே தலையும் கையும்தான் பாஷை. உள்ளங்கையை விரித்துத் தூக்கினால், நிறுத்து. தலையை ஒரு தடவை ஆட்டினால், பார்த்துவிட்டேன், தள்ளு. அந்தத் தலையாட்டலுக்குச் சரி என்றோ சம்மதம் என்றோ அர்த்தம் கிடையாது. வருகிற மரம் கோணலோ முடிச்சோ, வருவது தெரிகிறது என்பதோடு சரி. முப்பத்திரண்டு வருஷம் எதிரில் வந்ததற்கெல்லாம் ஆடிப் பழகிய கழுத்து, வீட்டு வாசலில் செருப்போடு சேர்த்து அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்குமா? கண்ணெதிரே ஏதாவது அசைந்தால் போதும், பூம்பூம் மாடு மாதிரி தானாக ஆடும். வீட்டில் அதிகம் அசைந்தது மனைவியின் வாய்.

மனைவி தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை பார்த்தவர். தெருவுக்குத் தபாலம்மா. ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் பேசிய வாய் அது. போன வருஷம் ஓய்வு கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இருநூறு பேருக்கான பேச்சும் ஒரே ஒரு ஆளின் மேல் வந்து இறங்கியது. ஆனால் அந்த ஆள் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே தயாராகிவிட்டார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது.

மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷின்தான் ஏற்பாடு. இரண்டு காதுக்கும் பின்னால் கொசு மாதிரி உட்கார்ந்திருக்கும். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் போனில் ஒரு ஆப். அந்த ஆப்பில், ஒரு மூலையில், காதுப் படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் உலகம் வாயை மூடிக்கொள்ளும். மெஷினைக் கழற்றி வைத்தால் வீட்டில் கேள்வி வரும், பொத்தானைத் தொட்டால் யாருக்கும் தெரியாது. மெஷின் பாட்டுக்குக் காதில் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு மனுஷன் உன்னிப்பாகக் கேட்கிற மாதிரியே இருக்கும். விஞ்ஞானம் மனிதகுலத்துக்குச் செய்த உதவிகளில் இதற்கு மேல் ஒன்று உண்டு என்று அறுவைக்காரரிடம் சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவார்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கை கால் கழுவி, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, போனில் செய்தி பார்க்கிற பாவனையில் பொத்தானைத் தொடுவார். எதிரில் தபாலம்மா காய் நறுக்கிக்கொண்டு பேசுவார். இவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையாட்டுவார். எட்டரைக்குத் தட்டு வைக்கும்போது பொத்தானை எடுத்துவிடுவார். சேதாரம் இல்லாமல் இல்லை. ஒருநாள் மில்லிலிருந்து வந்தால் படுக்கையறைச் சுவர் முழுக்க மருந்து பாட்டில் பச்சை. "நீங்கதான சரின்னீங்க" என்றார் தபாலம்மா. இன்னொரு நாள் வாசலில் ஒரு பூனை உட்கார்ந்து இவரையே அந்நியன் மாதிரி பார்த்தது. அதற்கும் இவர்தான் சரி என்றாராம். போகட்டும், பச்சைச் சுவரையும் பூனையையும் கொடுத்து நிம்மதியை வாங்கினேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அவருக்கு இருந்த ஒரே பயம் அப்டேட். மில்லில் கணக்கு எழுதுகிறவருக்கு இப்படித்தான் ஆயிற்று. காலையில் எழுந்தால் போனில் இருந்த அலாரமே புது உருவம் எடுத்து, அடிக்காமல், அவருக்கு நல்ல தூக்கத்தின் நன்மைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததாம். அதைக் கேட்ட அன்றே அறுவைக்காரர் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட்டார். ஆப் சும்மா விடவில்லை. தினமும் வந்து வாசலில் நின்று கேட்டது. 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தட்டுமா?' இவர் 'பிறகு' என்று தட்டுவார். மறுநாளும் கேட்கும். மறுநாளும் பிறகு. இரண்டு வருஷம்.

"என்னன்னு படிக்காம ஒண்ணுக்கும் சம்மதம்னு தட்டக்கூடாது. போன் என்னோடது, முடிவும் என்னோடதுதான்" என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொள்வார். அவர் வாய் திறந்து சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான். தபாலம்மாவுக்கு அது மனப்பாடம்.

ஒரு வெள்ளிக்கிழமை இடது காதில் கொர்ரென்று இரைச்சல். மதியமே மில்லிலிருந்து கிளம்பி மெஷின் கடைக்குப் போனார். கடை அம்மா நல்ல மாதிரி. மெஷின் இரண்டையும் கழற்றி வாங்கி, குழாயில் அடைத்திருந்த அழுக்கை ஊசியால் எடுத்தார். போனையும் வாங்கிப் பார்த்தார். அவருடைய புருவம் ஏறியது. வாய் அசைந்தது. மெஷின் மேஜைமேல் கிடந்ததால் அறுவைக்காரர் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் எதிரில் ஏதோ அசைந்ததே. கழுத்து தன் கடமையைச் செய்தது.

அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தார். ஆப் ஊதா நிறத்தில் இருந்தது. 'புதிய உங்களுக்கு நல்வரவு' என்றது. பழைய ஆளே இன்னும் தீர்ந்தபாடில்லை, இதில் புதிய ஆளா என்று மூலையில் பொத்தானைத் தேடினார். மூலை இருந்தது, பொத்தான் இல்லை. அந்த இடத்தில் ஒரு கடலலைப் படம். தொட்டுப் பார்த்தார். காதுக்குள் அலையோசை எழுந்தது. அலையோசைக்கு மேலே, பளிச்சென்று, தபாலம்மாவின் குரல்.

"கவர்ல மாத்திரை வாரத்துக்குத் தனித்தனியா கட்டி வெச்சிருக்கேன்" என்றது அது.

எதற்குக் கட்டி வைக்கிறாள் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுப்படியில் கிடந்த தபாலம்மாவின் போன் மணியடித்தது. மெஷின் வாங்கிய அன்று 'அன்புக்குரியவரின் எண்' என்ற கட்டத்தில் அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவர் இவரேதான். தபாலம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கவுண்டரில் தந்தி படித்துக் காட்டுகிற குரலில் படித்தார்.

"வணக்கம். உங்கள் அன்புக்குரியவரின் முதல் வாராந்திர செவி அறிக்கை இதோ. கடந்த இரண்டு ஆண்டுகளில் அவர் ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் முழு அமைதியை அனுபவித்திருக்கிறார். அவர் அதிகம் விரும்பும் நேரம், மாலை ஆறே முக்கால் முதல் எட்டரை வரை. வாழ்த்துகள்."

கீழே கண்ணை மூடித் தியானம் செய்கிற ஒரு காதின் படம் இருந்தது. அதையும் திருப்பிக் காட்டினார். குட்டு வெளிப்பட்ட மனுஷன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பூனையைப் பார்த்தார். பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

தபாலம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"போன செவ்வாய்க்கிழமை நான் என்ன சொன்னேன்?" என்றார்.

"குழாய்... ஒழுகுதுன்னு..."

"குழாயைச் சரி பண்ணி ஏழு மாசம் ஆச்சு."

அறுவைக்காரர் தலையாட்டினார். அதில் அவருக்கு நல்ல பயிற்சி.

"அப்ப, நான் பொண்ணு வீட்டுக்குப் போறதப் பத்திக் கேட்டது?"

"எங்க போற?"

தபாலம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் முழுகாமல் இருப்பது இவருக்கும் தெரியும். அது தட்டு வைத்தபிறகு, எட்டரைக்கு மேல் சொன்ன சேதி. துணைக்குத் தாய் போய் ஆறு மாசம் இருக்கப் போகிற சேதிதான் எட்டரைக்கு முன்னாலேயே முடிந்துபோயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ். கட்டிலின் மேல் நாலு நாளாகத் திறந்து கிடந்த பெட்டியை, துணிக்குக் காற்றுப்பட வைத்திருக்கிறாள் என்று இவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"மூணு தடவை கேட்டேன். நான் போகட்டுமா, ஆறு மாசம் நீங்க தனியா இருந்துக்குவீங்களான்னு. மூணு தடவையும் தலையாட்டுனீங்க. போகாதேன்னு சொல்ல வேண்டாம், எப்ப திரும்பி வருவேன்னாவது கேப்பீங்கன்னு பாத்தேன். சரி, நான் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லேன்னாலும் ஒண்ணுதான் போலன்னு நானே பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"எனக்குக் கேக்கலம்மா. சத்தியமா."

"அதான் இதுல போட்டிருக்கே." போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "அந்த ஆப் தினம் சம்மதமான்னு கேட்டுச்சு. படிக்காம தட்ட மாட்டேன்னு ரெண்டு வருஷம் நின்னீங்க. நான் கேட்டப்ப மட்டும் என்னன்னே பாக்காம தட்டிட்டீங்க."

மௌனம் சம்மதம் என்பார்கள். இவருடைய மௌனமும் சம்மதமாகி, தலையாட்டலும் சம்மதமாகி, இப்போது பேச வந்த வாய்க்குத்தான் இடமில்லை. இருந்தும் சொன்னார். "போகாதே."

தபாலம்மா அவரை நேராகப் பார்த்தார். ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினார். எழுந்து போய்ப் பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கினார். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக, அந்தத் தலையாட்டலை எதிரிலிருந்து வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அறுவைக்காரருக்கு விளங்கியது.

சனிக்கிழமை காலையில் கடை திறக்குமுன் போய் நின்றார். பழைய ஆப் வேண்டும் என்றார். பழைய பொத்தான் வேண்டியதில்லை, அந்த அறிக்கை அனுப்புகிற சங்கதியையாவது நிறுத்த வேண்டும்.

"பழசு திரும்ப வராதுங்க ஐயா, போனது போனதுதான்" என்றார் கடை அம்மா. "தானா அப்டேட் ஆகாம நிறுத்துற வசதி இருந்துச்சு. அதை எடுத்துட்டாங்க. அடுத்த அப்டேட்ல திருப்பித் தர்றாங்களாம்."

"நான் கேக்கவே இல்லையேம்மா. யாரு இதைப் போடச் சொன்னது?"

"போட்டுடட்டுமான்னு உங்களைத்தான ஐயா கேட்டேன். நீங்கதான் தலையாட்டுனீங்க."

இதற்கும் தலை ஆடப் போயிற்று. கையால் தாடையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ். பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றார். சொல்ல வேண்டியது ஏகப்பட்டது இருந்தது. பஸ் நகர்ந்ததும் தன்னை அறியாமல் உள்ளங்கையை விரித்துத் தூக்கினார். மில்லில் அதைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட ரம்பமும் நிற்கும். பஸ் ஓட்டுநருக்கு அந்த பாஷை தெரியவில்லை. தபாலம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும், டாட்டா காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்ட மாதிரி கையை அசைத்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் வீடு முழுக்க அமைதி. பொத்தானே தேவைப்படவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, அனுபவிக்கத்தான் தெரியவில்லை. மெஷினை மில்லில் மட்டும் கழற்றினார். வீட்டுக்குள் நுழைந்ததும் மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டிவைத்து, ஆறே முக்காலுக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்தார். ஓய்வுக்குக் கொடுத்த கடிகாரம் காதுக்குள் சுத்தியல் போட்டது. பூனை தண்ணீர் குடிப்பது கேட்டது. மூன்றாம் நாள் பூனையிடம் பேசிப் பார்த்தார். அது காதை மடக்கிக்கொண்டது. அதற்கு ஆப் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கு மெஷினிலேயே மணி ஒலித்தது. போன் பேச்சு நேராகக் காதுக்குள் வருகிற மாதிரியும் அந்த அப்டேட் பண்ணியிருந்தது. எடுத்தார்.

"அறிக்கை வந்திருக்கு" என்றார் தபாலம்மா. சாப்பிட்டீர்களா, இருக்கிறீர்களா, ஒன்றும் கிடையாது. நேராகப் படித்தார். "திங்கள் முதல் இன்று வரை உங்கள் அன்புக்குரியவர் அனுபவித்த அமைதி, சுழியம் நிமிடம். கேட்ட உரையாடல், சுழியம் நிமிடம்."

தபாலம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்ததுகூட இவர் காதில் விழுந்தது.

"வீட்டுல மெஷினைக் கழட்டவே இல்லையா?"

"இல்ல."

"ஏன்? யாரு இருக்கா அங்க பேச?"

"நீ கூப்பிட்டா கேக்கணும்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் துல்லியமாகக் கேட்டது. பிறகு பழைய கவுண்டர் குரல் திரும்பியது. "சரி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இருந்து ஆரம்பிக்கிறேன். ஒண்ணு விடாம சொல்லப் போறேன். சொல்லட்டுமா?"

அறுவைக்காரர் தலையாட்டினார். பிறகுதான் போனில் தலையாட்டினால் தெரியாது என்று உறைத்தது. அந்தப் பக்கம் தபாலம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு" என்றார் அவர். "எப்ப திரும்பி வருவ, அதை முதல்ல சொல்லு."