நாய்கள் ஜாக்கிரதை

நகரசபை நாய்க் காப்பகத்தின் மேற்பார்வையாளரை நான் ஒரு நாளும் கேட்டுக்கு உள்ளே பார்த்ததில்லை. வெளியே மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. உள்ளே ஒரு நாய் குரைத்தால் போதும், இரண்டு விரலால் பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொள்வார், குரைப்பிலிருந்தே அழுக்கு தெறித்துவிடும் என்பதுபோல.

மைசூர் மண்டி மொஹல்லாவிலிருந்து நாங்கள் மூன்று பேர் கன்னடத்தில் மனு எழுதிக்கொண்டு போனோம். தண்ணீர் வைப்பதில்லை, புண்ணுக்கு மருந்து போடுவதில்லை, நாய்களை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தோம். அவரும் எங்களைப் போல மைசூர்த் தமிழர்தான். படித்துவிட்டு, "பத்து நாள் டைம் குடுங்க" என்றார்.

பத்தாம் நாள் போனபோது காம்பவுண்டுச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்புக் கன்னட எழுத்து: நாய்கள் ஜாக்கிரதை.

"என்ன சார் இது?" என்றேன்.

"ஏன் ரீ, ஜாக்கிரதைன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? ஆய்த்தல்ல, எழுதியாச்சு, இன்னும் என்ன வேணும்?"

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, வேலையை முடித்தவரின் நிம்மதிதான் அதில் இருந்தது. கேலி என்றால்கூட மன்னித்திருப்பேன். அதற்குக் கொஞ்சமாவது மூளை வேண்டும்.

கேட் கம்பி வழியாக உள்ளே பார்த்தேன். நாய்களின் தண்ணீர்க் கிண்ணங்கள் காய்ந்து கிடந்தன. ஒன்றில் மட்டும் தண்ணீர் இருந்தது, சிவப்பாக. சுவரில் எழுதிய பிரஷ் அதில் ஊறிக்கொண்டிருந்தது.